வெயிலிலிருந்து ஊதாக்கடந்த ஒளிவரை: வெப்பந்தாங்கும் மீள்தன்மை இழைகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய அளவுக்குத் திரும்பும் நூல் இன்று எவரும் பொருட்படுத்தாத பொருளாகிவிட்டது. காலுறையின் வாய், உள்ளாடையின் இடுப்பு, நோயாளியின் காலிற் சுற்றும் கட்டுத்துணி, விளையாட்டு வீரரின் உடை ஆகிய யாவும் அந்நூலையே நம்பி நிற்கின்றன. எனினும் அதனை ஆக்குவதில் மனிதர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக ஒரே இடர்ப்பாட்டுடன் போராடி வந்துள்ளனர். வெப்பமே அவ்விடர்ப்பாடு. வெப்பமின்றி நூலை வடிக்கவோ சாயமூட்டவோ மடிப்பு நீக்கவோ இயலாது. அதே வெப்பம் நூலின் மீள்தன்மையை அழித்தும் விடுகிறது.

இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சாள்ஸ் குட்இயரின் அடுப்பிலே தொடங்கி, செயற்கை இழைகளின் வெற்றியிலே முடிப்பர். அவ்வாறு கூறும்போது வரலாறு தற்செயல்களின் கோவையாகத் தோற்றமளிக்கின்றது. நாம் இக்கட்டுரையில் வேறொரு கருத்தை முன்வைக்க விரும்புகின்றோம். மீள்தன்மை இழையின் வரலாறு, மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று எதனால் முடிச்சிடுவது, எப்போது முடிச்சிடுவது என்னும் இரு வினாக்களின் வரலாறேயாகும். ஊதாக்கடந்த ஒளியைக் கொண்டு இழையை இறுக்கும் இன்றைய முறை அவ்வினாக்களுக்குரிய விடைகளுள் ஒன்று. ஆயினும் அவ்விடையின் வித்து, அடுப்புக்கும் முற்பட்ட ஒரு முயற்சியிலே காணப்படுகின்றது என்பதே நாம் காட்ட முற்படுவது.

1. இறப்பரின் குறைபாடு

தென்னமெரிக்க மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த இறப்பரைப் பிரெஞ்சு அறிஞர் லா கொண்டமின் 1736ஆம் ஆண்டில் பாரிசுக்கு அனுப்பிவைத்தார். 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி அது பென்சிற் கோடுகளை அழிக்கவல்லது எனக் குறிப்பிட்டார். நீண்ட காலம் அது ஒரு விந்தைப் பொருளாகவே இருந்தது. அதனை ஆடையோடு இணைத்தவர் இலண்டனைச் சேர்ந்த தோமஸ் ஹன்கொக் ஆவார். 1820ஆம் ஆண்டிற் பெற்ற காப்புரிமையின்படி அவர் இறப்பரைக் கீலங்களாக வெட்டிக் கையுறை, காலுறைப்பட்டி போன்றவற்றிற் பொருத்தினார். மூன்று ஆண்டுகளின் பின்னர், 1823இல், கிளாஸ்கோவைச் சேர்ந்த சாள்ஸ் மக்கின்டோஷ் இரு துணிகளுக்கிடையே இறப்பரை வைத்து நீர்புகா ஆடை செய்தார்.

இவை யாவும் ஒரே குறைபாட்டுக்கு உட்பட்டிருந்தன. குளிர்காலத்தில் இறப்பர் விறைத்தது. கோடையிற் பிசுபிசுத்து இளகியது. அதன் காரணம் அக்காலத்தவருக்குத் தெரியாது. இன்று நாம் அறிவோம். இறப்பர் மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. அச்சங்கிலிகள் சிக்கலாகச் சுருண்டு கிடக்கின்றன. இழுக்கும்போது நிமிர்கின்றன, விடும்போது மீண்டும் சுருள்கின்றன. ஆனால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள முடிச்சு எதுவும் இல்லாத காரணத்தால், வெப்பம் கூடியவுடன் ஒன்றன்மேலொன்று வழுக்கிச் செல்கின்றன. வழுக்கிய சங்கிலி பழைய இடத்துக்கு மீள்வதில்லை. வெப்பந்தாங்கும் மீள்தன்மைக்கு முடிச்சு இன்றியமையாதது. இரசாயன நூல்கள் இதனைக் குறுக்குப்பிணைப்பு என வழங்கும்.

2. வெயிலும் அடுப்பும்

அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூபேர்ன் என்னும் ஊரில் இறப்பர்த் தொழில் செய்த நதானியேல் ஹேவர்ட், இறப்பரோடு கந்தகத்தைக் கலந்து வெயிலிற் காயவைத்தால் அதன் பிசுபிசுப்பு நீங்குவதைக் கண்டார். அவரது முறையின் உரிமையைக் குட்இயர் விலைக்கு வாங்கினார். 1839இன் தொடக்கத்தில் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. சூரியனை முன்னிட்டே அம்முறைக்குப் பெயரும் இடப்பட்டது. ஆனால் வெயில் இறப்பரின் மேற்பரப்பை மட்டுமே மாற்றியது. அவ்வாறு செய்யப்பட்ட தடித்த பொருள்கள் புறத்தே உறுதியாகவும் அகத்தே பழைய இறப்பராகவும் இருந்தமையால் வெப்பத்திற் கெட்டுப்போயின.

அதே 1839ஆம் ஆண்டிற் கந்தகங் கலந்த இறப்பர் சூடான அடுப்பிற் பட்டபோது உருகாமல் தோல்போல் இறுகியதைக் குட்இயர் கண்டார். இதனைத் தற்செயல் எனப் பலர் கூறுவர். குட்இயரோ தாம் எழுதிய நூலில் இதனை வெறுந் தற்செயலாகக் கொள்ள மறுத்தார். பல ஆண்டுகள் ஒரே பொருளை நாடி நின்ற மனத்துக்கே அந்நிகழ்ச்சி பொருளுடையதாயிற்று என்பது அவரது நிலைப்பாடு. ஹன்கொக், குட்இயரின் மாதிரிகளைப் பார்த்தபின் தாமும் ஆராய்ந்து 1843இல் இங்கிலாந்திற் காப்புரிமை கோரினார். குட்இயரின் அமெரிக்கக் காப்புரிமை 1844 ஜூன் 15ஆந் திகதிக்குரியது. உரோமரின் நெருப்புக் கடவுளாகிய வல்கனின் பெயரால் இம்முறை வல்கனைசுப்படுத்தல் எனப் பெயர் பெற்றது. பெரும் புகழ் பெற்ற குட்இயர் 1860இல் கடனாளியாகவே இறந்தார்.

இவ்விடத்தில் ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். அடுப்பு வெயிலை வென்றதற்குக் காரணம் வெப்பம் பொருளின் உள்ளே சென்று பரவும் என்பதே. ஒளி தோற்றதற்குக் காரணம் அது மேற்பரப்பிலேயே நின்றுவிடும் என்பது. தடித்த தகடுகளும் காலணிகளும் பைகளும் வேண்டப்பட்ட காலத்தில் இது பெருங்குறையாயிற்று. பொருளின் தடிப்பு ஒரு மயிரிழையளவாகும் போது மேற்பரப்புக்கும் உட்பகுதிக்கும் இடையிலான வேறுபாடு மறைந்துபோகும் என்பதை அன்று எவரும் எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை.

அடுப்பு இன்னொன்றையும் கற்பித்தது. முடிச்சிடப்பட்ட இறப்பரை மீண்டும் உருக்கவோ கரைக்கவோ புதிதாக வடிக்கவோ இயலாது. எனவே வேண்டிய வடிவத்தை முதலிற் கொடுத்துவிட்டு அதன் பின்னரே இறுக்குதல் வேண்டும். 'முதலில் வடிவம், பின்னர் முடிச்சு' என்னும் இவ்வொழுங்கு இன்றுவரை மாறவில்லை.

3. குளிர்முறையும் அதன் விலையும்

மெல்லிய பொருள்களுக்கு அடுப்பு ஏற்றதன்று. பலூன், கையுறை போன்ற மெல்லிய இறப்பர்ப் பொருள்களை வெப்பமின்றி இறுக்கும் முறையொன்றை 1846இல் பேர்மிங்ஹாமைச் சேர்ந்த அலெக்சாந்தர் பாக்ஸ் கண்டறிந்தார். காபனிருசல்பைட்டிற் கந்தகக் குளோரைட்டைக் கரைத்து, அக்கரைசலிற் பொருளைத் தோய்த்தெடுத்தால் அது சாதாரண வெப்பநிலையிலேயே இறுகியது. வெப்பத்தைத் தவிர்த்து முடிச்சிடும் எண்ணம் இங்கேதான் முதன்முதலாக வெற்றி பெற்றது.

அவ்வெற்றிக்குரிய விலையைச் செலுத்தியவர் வேறு மக்கள். காபனிருசல்பைட்டு எளிதில் ஆவியாகும் நஞ்சு. பாரிசு நகரின் சிறு பட்டறைகளில் நாள் முழுவதும் அவ்வாவியைச் சுவாசித்த தொழிலாளரைப் பிரெஞ்சு மருத்துவர் ஒகுஸ்த் டெல்பெக் ஆராய்ந்து, 1856இல் தமது முடிபுகளை வெளியிட்டார். தலைவலி, நினைவிழப்பு, கிளர்ச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் மனக்குழப்பம், கைகால்களின் தளர்ச்சி ஆகியவற்றை அவர் விவரித்தார். குழந்தைகள் விளையாடும் வண்ணப் பலூன்களை ஆக்கியவர்களுட் சிலர் தம் அறிவையும் உடல்வலிமையையும் இழந்தனர்.

முடிச்சை எதனால் இடுவது என்னும் வினா இரசாயனத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது. தொழிற்சாலையின் காற்றிலே எது கலக்கும், அதனை யார் சுவாசிப்பர் என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. பிற்கால முறைகளையும் இந்த அளவுகோலாலேயே நாம் மதிப்பிடுதல் வேண்டும்.

4. பாலிலிருந்து நூல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறப்பர் நூல், தகட்டிலிருந்து வெட்டப்பட்டதேயாகும். ஆகவே அதன் குறுக்குவெட்டு சதுரமாகவும் தடித்ததாகவும் இருந்தது. அதனிடையே இறப்பரின் பிறப்பிடமும் மாறியது. ஹென்றி விக்கம் அமேசன் பிரதேசத்திலிருந்து கொண்டுவந்த விதைகள் 1876இல் இலண்டன் கியூ பூங்காவில் முளைவிட்டன. அவற்றுட் பெரும்பாலான கன்றுகள், ஏறத்தாழ 1,900, அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் இறப்பர்த் தோட்டங்கள் பரவின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரும் சிங்களக் கிராம மக்களும் விடியற்காலையில் மரம் வெட்டிப் பால் சேகரித்தனர்.

1930களில் இப்பாலே நேரடியாக நூலாயிற்று. அமோனியா சேர்த்துக் கெடாமற் காக்கப்பட்ட பாலை நுண்குழாய்களினூடாக அமிலத் தொட்டியினுட் செலுத்தினால் அது வட்டவடிவ நூலாக உறையும். அதனைக் கழுவி உலர்த்தி வெப்பத்தால் இறுக்கினர். பருத்தியாற் சுற்றப்பட்ட இந்நூல் 'லாஸ்டெக்ஸ்' என்னும் பெயரால் அமெரிக்காவிற் புகழ்பெற்றது. இங்கும் வடிவம் முந்தியது, முடிச்சு பிந்தியது.

எனினும் இறப்பர் நூலுக்குச் சில எல்லைகள் இருந்தன. ஒட்சிசனும் சூரிய ஒளியும் எண்ணெயும் அதனை நாளடைவிற் சிதைத்தன. மிக மெல்லியதாக வடிப்பதும் கடினமாயிருந்தது.

5. கரைந்தும் கட்டப்படும் முடிச்சு

ஜேர்மனிய அறிஞர் ஹேர்மன் ஸ்டௌடிங்கர் 1920ஆம் ஆண்டில், இறப்பர் போன்ற பொருள்கள் மிக நீண்ட மூலக்கூறுகளால் ஆனவை என வாதிட்டார். நெடுநாள் எதிர்ப்பின் பின்னர் அக்கொள்கை நிலைபெற்றது. 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சங்கிலியின் இயல்பு தெரிந்தபின் அதனை வேண்டியவாறு அமைக்கலாம் என்னும் துணிவு பிறந்தது. 1937இல் ஒட்டோ பேயர் பொலியூரித்தேனைக் கண்டறிந்தார். அவ்வழியிற் சென்று, அமெரிக்காவின் டியூபொண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் ஷிவேர்ஸ் 1958ஆம் ஆண்டளவில் ஆக்கிய இழையே பின்னர் 'லைக்ரா' எனப் பெயர் பெற்றது.

இவ்விழையின் முடிச்சு புதுவகையானது. ஒவ்வொரு சங்கிலியிலும் மென்மையான பகுதிகளும் விறைப்பான பகுதிகளும் மாறிமாறி அமைந்துள்ளன. விறைப்பான பகுதிகள் ஐதரசன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு முடிச்சுகளாகச் செயற்படுகின்றன. தகுந்த கரைப்பானில் இம்முடிச்சுகள் அவிழும். கரைப்பான் ஆவியானதும் மீண்டும் கட்டப்படும். ஆகவே கரைத்து மெல்லிய நூலாக வடிக்கவும் முடிந்தது. வடிவத்தையும் முடிச்சையும் பற்றிய பழைய சிக்கலை இம்முறை சாதுரியமாகக் கடந்தது எனலாம்.

ஆனால் அவிழக்கூடிய முடிச்சு வெப்பத்திலும் தளரக்கூடியது. பொலியெஸ்டர் துணிக்கு ஏறத்தாழ 130 பாகை செல்சியசில் அமுக்கத்தின் கீழ்ச் சாயமூட்டுவர். அதன் பின் துணியின் அளவை நிலைப்படுத்த இன்னும் உயர்ந்த வெப்பநிலை வேண்டும். இத்தகைய நிலைமைகளில் அவ்விழை தன் மீள்வலுவின் ஒரு பகுதியை இழக்கின்றது. நீச்சற்குளங்களிற் கலக்கும் குளோரினும் அதனைத் தாக்குகின்றது. வெப்பத்தால் அவிழாத நிலையான முடிச்சு வேண்டும்; ஆனால் அது நூல் வடிக்கப்பட்ட பின்னரே இடப்படல் வேண்டும். பழைய வினா மீண்டும் எழுந்தது.

6. ஊதாவுக்கு அப்பால்

ஒளியின் வரலாற்றை இங்கு சற்றுப் பின்னோக்கிக் காண்பது பயன்தரும். 1800இல் வில்லியம் ஹேர்ஷல், நிறமாலையிற் சிவப்புக்கு அப்பால் வெப்பந்தரும் கதிர்கள் உண்டெனக் கண்டார். மறு ஆண்டில் ஜேர்மனியின் யேனா நகரில் ஜோகன் ரிட்டர், ஊதாவுக்கு அப்பால் வெள்ளிக் குளோரைட்டைக் கருமையாக்கும் கதிர்கள் உண்டெனக் கண்டார். நிறமாலையின் ஓர் ஓரம் சூடாக்குவது. மற்றைய ஓரம் இரசாயன மாற்றத்தைத் தூண்டுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறப்பர்த் தொழில் முதலாவதை நாடியது. இரண்டாவது ஓரத்தை நாடியவர்கள் படக்கலைஞர்கள்.

பிரான்சிலே நிசெஃபோர் நியெப்ஸ் 1820களில் உலோகத் தகட்டிற் பூசிய நிலக்கீலை ஒளிக்குக் காட்டினார். ஒளிபட்ட இடம் இறுகியது. படாத இடம் எண்ணெயிற் கரைந்து நீங்கியது. ஒளியால் ஒரு கரிமப்பொருளை இறுக்கும் முறை புகைப்படக்கலையின் பிறப்போடேயே தோன்றிற்று என்பது இதனாற் பெறப்படும். 1817இல் குரோத்தஸ் என்பாரும் 1842இல் டிரேப்பர் என்பாரும் தனித்தனியே கூறிய விதியும் குறிப்பிடத்தக்கது. ஒரு பொருளால் உறிஞ்சப்படும் ஒளியே அதில் இரசாயன மாற்றத்தை விளைவிக்கும் என்பது அவ்விதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரச ஆவி விளக்கும், ஊதாக்கடந்த ஒளியை மறைக்காத படிகக் கண்ணாடிக் குழாயும் வந்தபின், சூரியனை எதிர்பாராமல் அவ்வொளியை வேண்டியபோது பெற முடிந்தது.

பொலித்தீன் 1933இல் இங்கிலாந்தின் வின்னிங்டன் நகரிற் கண்டறியப்பட்டது. 1952இல் ஆதர் சாள்ஸ்பி, ஹார்வெல் அணு உலையின் கதிர்வீச்சுக்கு உட்பட்ட பொலித்தீன் உருகியோடாத பொருளாக மாறுவதை வெளிப்படுத்தினார். கந்தகமும் இல்லை, அடுப்பும் இல்லை, கதிரே முடிச்சிட்டது. 1950களின் பிற்பகுதியில் ஜெரால்ட் ஓஸ்டர், அணுக்கதிருக்குப் பதிலாக ஊதாக்கடந்த ஒளியே போதுமெனக் காட்டினார். தூய பொலித்தீன் அவ்வொளியைப் பெரும்பாலும் உறிஞ்சுவதில்லை. ஆகவே பென்சோபீனோன் என்னும் பொருள் சிறிதளவு கலக்கப்படும். அது ஒளியை உறிஞ்சிக் கிளர்ச்சியுற்று, அருகிலுள்ள சங்கிலியிலிருந்து ஓர் ஐதரசன் அணுவைப் பறிக்கின்றது. அணுவை இழந்த இரு சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அதுவே முடிச்சு. 1980களில் சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில் பெங்ட் ரான்பியும் அவருடன் பணியாற்றிய சீன ஆய்வாளரும், முடிச்சுக்குக் கைகொடுக்கும் துணைப்பொருளொன்றையும் சேர்த்து இம்முறையை விரைவுபடுத்தினர்.

7. இழையும் ஒளியும் சந்தித்தமை

1990களில் எதிலீனையும் ஒக்டீன் போன்ற வேறொரு ஒலிபீனையும் சீராக இணைக்கும் புதிய ஊக்கிகள் பயனுக்கு வந்தன. அவற்றாற் கிடைத்த பல்பகுதியங்கள் இறப்பர்போல் நீண்டு மீண்டன. உருக்கி நூலாகவும் வடிக்கக்கூடியனவாயிருந்தன. ஆயினும் அவற்றின் முடிச்சுகள் சிறு பளிங்குகளே. அப்பளிங்குகள் 100 பாகைக்கு வெகு கீழேயே உருகிவிடும். கொதிநீரிற் கூடத் தாங்காத நூலை ஆடைத் தொழில் ஏற்காது.

பளிங்கு உருகினாலும் அவிழாத இரசாயன முடிச்சுகளை வடிக்கப்பட்ட நூலில் இட்டால், வெப்பத்திலும் அது வலைப்பின்னலாகவே நிற்கும். குளிர்ந்ததும் பளிங்குகள் மீண்டும் தோன்றும். இக்கருத்தின் அடிப்படையில் டௌ நிறுவனம் 2002இல் ஓர் இழையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2003இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு இவ்வகை இழைக்கு 'லாஸ்டோல்' என்னும் பொதுப்பெயரை வழங்கியது. குறுக்குப்பிணைப்புடையது, மீள்தன்மையுடையது, கணிசமான அளவு வெப்பந்தாங்குவது என அவ்வரைவிலக்கணம் கூறும். நூல்களின் பெயரை வரையறுக்கும் சட்டத்திலே முடிச்சும் வெப்பமும் ஒருங்கே இடம்பெற்றமை, நாம் கூறிவரும் வரலாற்றின் சாரம் எனலாம்.

இத்தகைய முடிச்சை இடுவதற்கு இலத்திரன் கற்றையும் உண்டு. ஊதாக்கடந்த ஒளியும் உண்டு. இலத்திரன் கற்றை உருளையிற் சுற்றப்பட்ட நூலையும் ஊடுருவவல்லது. ஆனால் அதற்குப் பாரிய கருவிகளும் கதிர்காப்புச் சுவர்களும் வேண்டும். ஒளிமுறைக்கு விளக்கு போதும். ஆனால் ஒளி ஆழமாகச் செல்லாத காரணத்தால், நூல் வடிக்கப்பட்டு உருளையை அடைவதற்கு முன், தனித்து ஓடும் கணத்திலேயே இறுக்குதல் வேண்டும். நிமிடத்துக்கு 600 மீற்றர் வேகத்தில் ஓடும் நூலொன்றை எடுத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 10 மீற்றர் செல்லும். ஒரு மீற்றர் நீளமுள்ள விளக்கின் முன் அது நிற்கும் நேரம் விநாடியின் பத்திலொரு பங்கேயாகும். அந்நேரத்துள் வேண்டிய முடிச்சுகள் யாவும் விழுதல் வேண்டும். காற்றிலுள்ள ஒட்சிசன் அணுவிழந்த சங்கிலிகளை இடைமறித்துத் தடைசெய்யக்கூடுமாதலால், நைதரசன் சூழலிலே இதனைச் செய்வது நன்று.

நூலின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கிலும் குறைந்தது. எனவே ஒளி மேற்பரப்பிற்கு மட்டுமன்றி நடுவிற்கும் செல்கின்றது. ஹேவர்டின் வெயில்முறை எக்காரணத்தால் தோற்றதோ, அக்காரணம் இங்கே இல்லாது போய்விட்டது. ஹேவர்ட் பயன்படுத்தியது கந்தகம். இங்கு பயன்படுவது வேறு. ஆயினும் ஒளியை முடிச்சிடுங் கருவியாக்கும் எண்ணம் ஒன்றே. தோல்வியெனக் கைவிடப்பட்ட ஒரு முறை, பொருளின் அளவு மாறியதும் வெற்றிக்குரியதாகலாம். தொழினுட்ப வரலாற்றை வென்றவர்களின் வரிசையாக மட்டும் எழுதினால் இவ்வுண்மை மறைந்துவிடும்.

8. மதிப்பீடு

பாக்சின் குளிர்முறையை மதிப்பிட்ட அதே அளவுகோலால் ஒளிமுறையையும் மதிப்பிடுதல் முறையாகும். நூலை ஒளியால் இறுக்கும்போது காபனிருசல்பைட்டுப் போன்ற கரைப்பான் காற்றிற் கலப்பதில்லை. இது பெரும் நன்மை. எனினும் இரச விளக்குகளிற் சில வகைகள் ஓசோன் வாயுவைத் தோற்றுவிக்கும். காப்பின்றி அவ்வொளியைப் பார்ப்போரின் கண்ணும் தோலும் பாதிப்புறும். விளக்கிலுள்ள இரசமும் நஞ்சே. 2013இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை இரசத்தின் பயன்பாட்டைக் குறைக்க முற்பட்டது. ஒளிகாலும் இருவாயிகள் அவ்விளக்குகளின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்து வருகின்றன. நிலையான முடிச்சிட்ட நூலை மீண்டும் உருக்கிப் பயன்படுத்த இயலாது என்பது தீராத குறை. அடுப்புக் கற்பித்த பாடம் இங்கும் மாறவில்லை.

எமது நாட்டுக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1952இல் இலங்கை தன் இறப்பரைச் சீனாவுக்குக் கொடுத்து அரிசி பெற்றது. 1977இன் பின்னர் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. முன்னர் இங்கிருந்து பால் சென்றது. பின்னர் இங்குள்ள பெண்கள் வெளிநாட்டிலிருந்து வந்த மீள்தன்மை நூல் சேர்ந்த துணியைத் தைத்தனர். முடிச்சு பற்றிய அறிவோ பெரும்பாலும் வேறிடங்களில் வளர்ந்தது. மூலப்பொருளும் உழைப்பும் ஓரிடத்தில், முடிச்சிடும் அறிவும் உரிமையும் வேறோரிடத்தில் என்னும் பிரிவு இயற்கையின் நியதியன்று, வரலாற்றின் விளைவு.

இதுகாறும் கூறியவற்றாற் சில முடிபுகள் பெறப்படும். முதலாவது, வெப்பந்தாங்கும் மீள்தன்மை இழையின் அடிப்படை, வடிவத்தின் பின் இடப்படும் நிலையான முடிச்சாகும். இரண்டாவது, அம்முடிச்சை வெப்பமின்றி இடும் முயற்சி 1846இலேயே வெற்றி கண்டது. ஆனால் அதன் விலையைத் தொழிலாளர் செலுத்தினர். மூன்றாவது, ஒளிமுறை திடீரெனத் தோன்றிய புதுமையன்று. தடித்த பொருளிலே தோற்று மெல்லிய இழையிலே வென்ற பழைய எண்ணமாகும். எமது பல்கலைக்கழகங்களில் இரசாயனவியல் பயில்வோர் இவ்வரலாற்றையும் உடன் பயில்வாராயின், கைவிடப்பட்ட முறைகளை மீண்டும் எடுத்து நோக்கும் துணிவையும், ஒவ்வொரு புதிய முறையின் விலையை யார் செலுத்துவர் என வினவும் பொறுப்பையும் பெறுவர்.